புதுசா லேடெக் தொடறவங்களுக்கு ஒரு தொடக்க டெம்ப்ளேட்: இருக்கிறவங்க பகிருங்க

அரசலாறு | கும்பகோணம்

எல்லாருக்கும் வணக்கம். லேடெக்ல, அதாவது கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கற மென்பொருள்ல, தமிழ்ப் புத்தகம் பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டு வர்றவங்க பெரும்பாலும் கையில ஒரு கோப்போடதான் வர்றாங்க. சீனியர் கொடுத்தது. அவருக்கு அவரோட சீனியர் கொடுத்தது. திறந்து பார்த்தா முதல் நாலு பக்கமும் யூஸ்பேக்கேஜ் வரிகள்தான், அதாவது கூடுதல் வசதித் தொகுப்புகளைச் சேர்க்கற வரிகள். வேதியியல் சமன்பாட்டுக்கு ஒண்ணு, சதுரங்கப் பலகை வரைய ஒண்ணு. எழுதறது என்னமோ குறுவை நெல் ரகங்களைப் பத்தி. எதை எடுத்தா எது உடையும்னு தெரியாததால யாரும் எதையும் எடுக்கறதில்ல, சேர்த்துக்கிட்டே போறாங்க.

அதுல பாதி தமிழுக்கு ஆகவே ஆகாது. இன்புட்என்க், ஃபாண்ட்என்க்னு ரெண்டு தொகுப்பும் பிடிஎஃப்லேடெக்ங்கற எஞ்சினுக்கான சமாச்சாரம். தமிழுக்கு நாம ஓட்டற எஞ்சினான ஸீலேடெக் முதலாவதைக் கண்டுக்காம விட்டுடும். ரெண்டாவது எழுத்துரு அமைப்பைக் குழப்பும்.

அதனால சின்னச் சின்ன டெம்ப்ளேட்டா இங்க சேர்ப்போமே. ஒரு வேலைக்கு ஒண்ணு. என்னோடதை முதல்ல போடறேன், கதை, கட்டுரைப் புத்தகத்துக்கானது. கட்டளை வரிகளை இங்க ஒட்டினா பின்சாய்கோட்டைத் தளம் முழுங்கிடுது, அதனால ஜிப்பா இணைச்சிருக்கேன். உள்ள இருக்கிறது இவ்வளவுதான்: டெம்மி 1/8 காகிதம், அதாவது 140-க்கு 215 மி.மீ.; உள் ஓரம் 20, வெளி ஓரம் 15; 11 புள்ளி எழுத்து; எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கற ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பு வழியா நோட்டோ செரிஃப் தமிழ்; மொழிக்கு பாலிகுளோசியா தொகுப்பு; பக்க எண் அடியில, நடுவுல.

பகிர்றவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வரிக்கு மேலயும் தமிழ்ல ஒரு குறிப்பு எழுதுங்க. அந்த வரி என்ன பண்ணுதுன்னு எழுத வேண்டாம், அதுக்குக் கையேடு இருக்கு. அந்த வரியை எடுத்தா என்ன ஆகும்னு எழுதுங்க. உதாரணத்துக்கு, எழுத்துரு வரியில ‘ஸ்கிரிப்ட் தமிழ்’னு ஒரு விருப்பம் இருக்கு. அதுக்கு நான் எழுதியிருக்கிற குறிப்பு: “இதை எடுத்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். ‘கேள்வி’ என்று அடித்தது ககரமும் அதன் பின்னால் ஒரு கொம்புமாக நிற்கும்.” ஒரு தடவை எடுத்துப் பார்த்துட்டு மறுபடி போட்டவங்களுக்கு அது ஜென்மத்துக்கும் மறக்காது.

கமலாலயம் | திருவாரூர்

அண்ணா, நான் ஆய்வு மாணவி, லேடெக் இப்பதான் தொடறேன். ஜிப்பை ஓவர்லீஃப்ல (இணையத்துலயே லேடெக் ஓட்டற தளம்) ஏத்தி கம்பைல் கொடுத்தேன். ஸீடெக்கோ லுவாடெக்கோ வேணும்னு ஃபாண்ட்ஸ்பெக் ஒரு சிவப்புப் பிழை காட்டிட்டு நின்னுடுச்சு. பிடிஎஃப்பே வரலை. தனியா ஏதாவது நிறுவணுமா?

அரசலாறு

வேண்டாம்மா. ஓவர்லீஃப்ல புது ப்ராஜெக்ட் பிடிஎஃப்லேடெக்ல இருக்கும். மெனுவுலயோ செட்டிங்ஸ்லயோ கம்பைலர்னு இருக்கும் பாருங்க, அதை ஸீலேடெக்னு மாத்திட்டு மறுபடி ஓட்டுங்க. சொந்தக் கணினியில டெக்ஸ்டூடியோங்கற லேடெக் எடிட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. கோப்போட முதல் வரியிலேயே எந்த எஞ்சின்னு குறிப்பு போட்டிருக்கேன், அது படிச்சுக்கும்.

கமலாலயம்

வந்துடுச்சு அண்ணா!! நன்றி. ஆனா ஒரு சந்தேகம். நடுவுல ரெண்டு மூணு ஆங்கிலச் சொல் அடிச்சிருந்தேன், அந்த இடம் காலியா இருக்கு. பிழையும் எதுவும் காட்டலை.

அரசலாறு

நீங்க எழுத்துருவை மாத்திப் போட்டிருப்பீங்க. தமிழ் எழுத்துரு சிலதுல ஆங்கில எழுத்தே இருக்காது. ஸீலேடெக் அதுக்காக நிக்காது, இல்லாத எழுத்தை விட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கும். ஓட்டும்போது நடந்ததைக் குறிச்சு வைக்கற லாக் கோப்புல ஒரு வரி எழுதி வைக்கும், அதை யார் படிக்கிறா. டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ்னு ஒரு அளவு இருக்கு. அதை 3-னு வச்சா, இல்லாத எழுத்து வந்ததுமே பிழைன்னு நிறுத்திடும். டெக்லைவ்ங்கற லேடெக் நிறுவல் தொகுப்போட 2021 பதிப்புலேர்ந்து இந்த வசதி உண்டு. டெம்ப்ளேட்லேயே சேர்த்துடறேன், இது புதுசா வர்றவங்களுக்குக் கட்டாயம் வேணும். ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு எழுத்துருக் குடும்பம் அறிவிச்சு, அதுக்கு ஒரு சின்னக் கட்டளை வச்சுக்கலாம்.

ஐயாறு டிடிபி | திருவையாறு

அண்ணே, குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. இத்தனை பாடு எதுக்கு? இன்டிசைன் மென்பொருள்ல மாஸ்டர் பேஜ் போட்டு, பாராகிராஃப் ஸ்டைல்ல வேர்ல்ட் ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுத்து, டெம்ப்ளேட்டா சேமிச்சுட்டா முடிஞ்சது. நம்ம கடையில அழைப்பிதழ், மலர், புத்தகம் எல்லாம் அப்படித்தான் ஓடுது. கம்போஸரை மாத்தாம விட்டா மட்டும் கொம்பெல்லாம் சிதறும்.

இருந்தாலும் இந்த இழையை ஆதரிக்கிறேன், காரணம் வேற. பசங்க பிடிஎஃப் கொண்டுவந்து “அப்படியே ப்ளேட் போடுங்க”ங்கறாங்க. பார்த்தா ஏ4-ல இருக்கு. புத்தகமோ டெம்மி. சுருக்கிப் போடச் சொல்றாங்க. 210 மி.மீ. அகலம் 140 ஆகும்போது 12 புள்ளி எழுத்து 8 புள்ளியாப் போயிடும், அதைத் தாத்தா பாட்டி யாராவது படிக்க முடியுமா? அதுக்கு மேல உயரமும் ஒட்டாது, 297 சுருங்கி 198 ஆகி, மேலயும் கீழயும் வெள்ளை நிக்கும். காகித அளவு மொதல்லயே சரியா இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்னொண்ணு, ஃபாரம் கணக்கு. 16 பக்கம் ஒரு ஃபாரம். 98 பக்கத்துல புத்தகம் முடிஞ்சா ஏழாவது ஃபாரத்துல ரெண்டு பக்கம் அச்சாகி 14 பக்கம் வெள்ளையா நிக்கும். அரை ஃபாரம் ஓட்டினாலும் 6 பக்கம் வீண். அந்த ரெண்டு பக்கத்தைக் குறைச்சு 96-ல நிறுத்தினா காகிதக் காசு மிச்சம். உங்க டெம்ப்ளேட்ல வரி இடைவெளியை ஒரே இடத்துல மாத்தற மாதிரி இருக்குன்னா சொல்லுங்க, அது இருந்தா எனக்குப் பிடிச்சுடும்.

அரசலாறு

இருக்குண்ணே, ஒரே எண்தான். ஆனா அதுல கை வைக்கறதுக்கு முன்னாடி அத்தியாயத் தொடக்கத்தைப் பாருங்க. லேடெக்கோட புக்ங்கற ஆவண வகையில ஒவ்வொரு அத்தியாயமும் வலப்பக்கத்துலதான் தொடங்கும், அதனாலேயே வெற்றுப் பக்கம் விழும். ‘ஓபன்எனி’ன்னு விருப்பம் கொடுத்தா எந்தப் பக்கத்துலயும் தொடங்கும். 98-ஐ 96 ஆக்க பல சமயம் இதுவே போதும்.

ஈயஎழுத்து | மாயவரம்

நான் லெட்டர்பிரஸ்ல கம்பாசிட்டரா, அதாவது ஈய எழுத்தைக் கையால கோக்கறவனா இருந்தவன். கம்ப்யூட்டர் பேரன் சொல்லிக் கொடுத்தது. தம்பி போட்ட மாதிரிப் பக்கத்தைப் பார்த்தேன். எழுத்து அழகா இருக்கு, வரி நெருக்கம். மேல் வரியில ‘கூ’, ‘ழு’ இதோட வால் இறங்கி வருது, கீழ் வரியில ‘கீ’, ‘றி’ சுழி ஏறி வருது. ரெண்டும் இடிக்குது. அந்தக் காலத்துல வரிக்கு வரி ஈயத் தகடு செருகுவோம், தமிழுக்குத் தடிமனான தகடுதான். ஆங்கிலப் பக்கம் கட்டற தகட்டைத் தமிழுக்குப் போட்டா முதலாளி கலைக்கச் சொல்லிடுவார்.

வரி இடைவெளியைக் குறைச்சு ஃபாரம் மிச்சம் பண்ற புத்தியும் புதுசில்ல. எங்க ஊர்ப் பக்கத்துத் தரங்கம்பாடியிலேயே அந்தக் கதை இருக்கு. அங்க இருந்த மதபோதகர் சீகன்பால்குக்கு ஜெர்மனியில ஹாலேயிலேர்ந்து வந்த தமிழ் எழுத்து ரொம்பப் பெரிசு. காகிதமோ கப்பல்ல வரணும், தட்டுப்பாடு. அதனால தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்தா வார்த்துதான் 1715-ல புதிய ஏற்பாட்டை முடிச்சாங்க. கவனிங்க, அவங்க எழுத்தைத்தான் சின்னதாக்கினாங்க. வரியை நெருக்கிப் படிக்க முடியாம பண்ணக் கூடாது. இடம் வேணும்னா 11-ஐ 10½ ஆக்குங்க, வரியைத் தொடாதீங்க.

அரசலாறு

ஐயா, சரியாப் பிடிச்சீங்க. லேடெக்கோட 11 புள்ளி அமைப்புல ஒரு வரியோட அடியிலேர்ந்து அடுத்த வரியோட அடிக்கு 13.6 புள்ளி. ஆங்கிலத்துக்கு வச்ச கணக்கு அது. 1.2-ஆல பெருக்கினா 16.3 வரும், இடிக்காது. டெம்ப்ளேட்ல அப்படியே வச்சுடறேன். குறிப்புல “1.15-க்குக் கீழே இறக்காதீர்கள்; ‘கூ’வும் ‘கீ’யும் மேலும் கீழும் வரும் இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்”னு எழுதிடறேன்.

வெட்டாறு | தஞ்சாவூர்

எல்லாம் சரி, ஆனா அடிப்படையிலேயே நான் மாறுபடறேன். ஜிப்பா கொடுத்தா நாற்பது பேர் நாற்பது பிரதி எடுப்பாங்க. இப்ப பாருங்க, இந்த இழையிலேயே ரெண்டு திருத்தம் வந்தாச்சு. முதல்ல எடுத்தவங்களுக்கு அது போய்ச் சேராது. இதை முறையா ஒரு கிளாஸ் கோப்பா, அதாவது எல்லா அமைப்பையும் உள்ளேயே வச்சிருக்கற வகைக் கோப்பா எழுதிட்டா, பயனர் முதல் வரியில ‘தமிழ்நூல்’ வகைன்னு சொன்னாப் போதும். ஓரம், எழுத்துரு, வரி இடைவெளி எதையும் அவங்க பார்க்க வேண்டியதே இல்ல. விருப்பங்களா டெம்மி, கிரௌன், ஏ5 கொடுக்கலாம். நானே எழுதித் தர்றேன்.

அரசலாறு

எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு அது வசதி. புதுசா வர்றவங்களுக்கு இல்லைங்கறது என் எண்ணம். கிளாஸ் கோப்புக்குள்ள 143-வது வரியில பிழைன்னு திரையில வந்தா, அவங்க எழுதின கோப்புல 143-வது வரியே இருக்காது. எங்க போய்த் தேடுவாங்க? மறுபடி சீனியர்கிட்டதான் ஓடணும். நாலு பக்க ப்ரீஆம்பிள்ல (கோப்போட தொடக்க அமைப்பு வரிகள்ல) இருந்த அதே புதிரை ஒரு பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டின மாதிரி ஆயிடும். இருபது வரி கண் முன்னாடி இருக்கட்டும். இருபது வரியை ஒரு சாயங்காலத்துல படிச்சுடலாம்.

வெட்டாறு

இருபது வரி இருபதாவே நிக்காது. அடுத்த மாசம் அடிக்குறிப்பு, அதுக்கடுத்து அட்டவணை, படம், சொல்லடைவுன்னு வளரும். அப்ப நீங்களே ஒரு நாலு பக்க சீனியர் கோப்பு கொடுத்திருப்பீங்க.

அரசலாறு

அதுக்குத்தான் ஒரு வேலைக்கு ஒண்ணுன்னு சொன்னேன். அட்டவணை வேணும்னா அட்டவணை டெம்ப்ளேட்லேர்ந்து அந்த ரெண்டு வரியை எடுத்துக்கட்டும், எடுக்கும்போது எதுக்குன்னு தெரிஞ்சு எடுப்பாங்க.

கமலாலயம்

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கங்க. யாருக்காக இந்த டெம்ப்ளேட்டோ அந்த ஆள் நான்தான், அதனால சொல்றேன். வெட்டாறு அண்ணா சொல்ற மாதிரி ஒரே வரியில முடிஞ்சா சந்தோஷம்தான். ஆனா எங்க துறையில இடது ஓரம் ஒன்றரை அங்குலம் வேணும்கறாங்க, பைண்டிங்குக்கு. அரசலாறு அண்ணா கோப்புல ‘உள் ஓரம்’னு தமிழ்ல எழுதியிருந்த இடத்துக்குப் போய் நானே 38 மி.மீ.னு மாத்திட்டேன், ஒருபக்க அச்சுங்கறதால ரெட்டைப் பக்க விருப்பத்தையும் எடுத்துட்டேன். அதை எடுத்தா என்ன ஆகும்னு மேலேயே இருந்தது. கிளாஸ் கோப்பா இருந்திருந்தா இங்க வந்து கேட்டுட்டுக் காத்திருந்திருப்பேன்.

வெட்டாறு

சரிம்மா, ஒத்துக்கறேன். ஆனா பிரதிப் பிரச்சினை அப்படியேதான் இருக்கு. குறைஞ்சது இதைச் செய்யுங்க: அமைப்பு வரிகளைத் தனிக் கோப்பாப் பிரிச்சு, நூல் கோப்பு அதை இன்புட் பண்ணிக்கட்டும். அமைப்புக் கோப்போட முதல் வரியில தேதி. திருத்தம் வந்தா அந்த ஒரு கோப்பை மட்டும் மாத்திப் போட்டுக்கலாம், எழுதின எதுவும் கெடாது. அப்புறம் லிஸ்ட்ஃபைல்ஸ் கட்டளையைச் சேருங்க. யாராவது “எனக்கு மட்டும் வரலை”ன்னா லாக்கோட கடைசியில எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்புன்னு பட்டியல் இருக்கும், கேள்வி மேல கேள்வி கேட்க வேண்டாம். கோப்புப் பேரெல்லாம் ஆங்கில எழுத்துலயே, நடுவுல இடம் விடாம இருக்கட்டும். தமிழ்ப் பேரும் ஓடும்தான், ஆனா ஜிப் ஆகி வாட்ஸப்ல போய் வர்றப்ப எங்கயாவது சிதையும்.

அரசலாறு

மூணும் ஏத்துக்கிட்டேன். ரெண்டு கோப்பாப் பிரிச்ச பதிப்பை இணைச்சிருக்கேன்.

கணக்கு வாத்தியார் | மன்னார்குடி

என் பங்குக்கு வினாத்தாள் டெம்ப்ளேட். தமிழ் வழிக் கணக்குக்கு. எக்ஸாம் வகையை வச்சுப் பண்ணினது.

அந்த வகையில எல்லாம் நல்லா இருக்கு, ஆனா உட்பிரிவுக்கு ஆங்கில எழுத்தைப் போடும். நம்ம வினாத்தாள்ல அ, ஆ, இ, ஈ வேணும். அதுக்கு இஃப்கேஸ்னு ஒரு பழைய டெக் கட்டளை: எண் 1-ன்னா அ, 2-ன்னா ஆ, இப்படி வரிசையா எழுதி வச்சுட்டு, உட்பிரிவு எண்ணுக்கும் விடைத் தெரிவு எண்ணுக்கும் அதையே கட்டிவிட்டிருக்கேன். ‘ஊ’ வரைக்கும் கொடுத்திருக்கேன், ஒரு கேள்விக்கு அதுக்கு மேல உட்பிரிவு வச்சா பிள்ளைங்க நம்மளைத் திட்டும். ‘பாயிண்ட்ஸ்’னு வர்ற இடத்துல ‘மதிப்பெண்’னு மாத்தியாச்சு. மொத்த மதிப்பெண்ணைத் தானே கூட்டித் தலைப்புல போடும், ஆனா ரெண்டு தடவை ஓட்டணும். முதல் ஓட்டத்துல கேள்விக்குறிதான் வரும், பயந்துடாதீங்க.

விடைகளை அந்தந்தக் கேள்விக்குக் கீழேயே எழுதிடலாம். ஒரே ஒரு வரிக்கு முன்னாடி விழுக்காட்டுக் குறி போட்டா விடை மறையும், எடுத்தா விடைக்குறிப்பு தயார். பொதுத்தேர்வு சமயத்துல இது ஒண்ணுக்காகவே லேடெக் கத்துக்கலாம். வேர்டுல வினாத்தாளையும் விடைத்தாளையும் தனித்தனியா வச்சுக்கிட்டு, கடைசி நேரத்துல ஒரு எண்ணை ஒண்ணுல மட்டும் மாத்திட்டு நிக்கிற ஆசிரியர் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் உண்டு.

ஐயாறு டிடிபி

வாத்தியார் சார், இது எனக்கே உபயோகம். டியூஷன் சென்டர்காரங்க வினாத்தாளைப் பாமினிங்கற, யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவுல அடிச்சுக் கொண்டாந்து தலைவலி கொடுக்கறாங்க.

கணக்கு வாத்தியார்

பாமினியை நேரா ஒட்டினா லேடெக்ல ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் வரும். முதல்ல யூனிகோடுக்கு மாத்திக்கிட்டு வரச் சொல்லுங்க. மாத்தின பிறகும் ஒரு தடவை கண்ணால படிக்கணும். ‘கௌ’ இருக்கற இடத்துல கொம்பு, க, ள-ன்னு மூணு தனித்தனி எழுத்தா நிக்கும் பாருங்க. கண்ணுக்கு ஒண்ணு மாதிரியே தெரியும், தேடினா கிடைக்காது.

கமலாலயம்

இன்னொரு கேள்வி. அழுத்தம் கொடுக்க எம்ஃப் கட்டளை போட்டா சாயவே மாட்டேங்குது. எழுத்துருவுல வடிவம் இல்லைன்னு எச்சரிக்கை மட்டும் வருது.

ஈயஎழுத்து

தமிழ்ல சாய்வெழுத்து ஏதும்மா? எங்க பெட்டியில சாய்வு கிடையவே கிடையாது. அழுத்தமா காட்டணும்னா தடித்த எழுத்து, இல்லேன்னா எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இடம் விட்டுக் கட்டுவோம். புத்தகப் பேர்னா மேற்கோள் குறி.

அரசலாறு

ஐயா சொன்னதையே டெம்ப்ளேட்ல வச்சுடறேன், எம்ஃப்னா தடித்த எழுத்து. எழுத்துரு வரியிலேயே சாய்வுக்கான இடத்துல தடித்த கோப்பைக் காட்டிட்டாப் போதும். ஃபாண்ட்ஸ்பெக்ல செயற்கையா சாய்க்கற விருப்பமும் உண்டு. தயவுசெஞ்சு தமிழுக்கு அதைப் போடாதீங்க, ‘ஞ’வும் ‘ஔ’வும் காத்துல சாஞ்ச வாழை மாதிரி நிக்கும்.

எழுத்துருவைப் பத்திப் பேசறப்பவே இதையும் சொல்லிடறேன். டெம்ப்ளேட்டோட எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தாத்தான் எல்லார் கணினியிலயும் ஒரே மாதிரி வரும். ஆனா விண்டோஸோட வர்ற லதா, நிர்மலா இதையெல்லாம் ஜிப்ல போட்டுப் பகிர நமக்கு உரிமை கிடையாது. நோட்டோ திறந்த உரிமத்துல இருக்கு, தாராளமா சேர்க்கலாம், உரிமக் கோப்பையும் கூடவே வைக்கணும். நம்ம டெம்ப்ளேட்டுக்கு சிசி0-ன்னு, அதாவது யார் பேரும் சொல்லாமலே எடுத்துக்கலாம்னு போட்டுடலாம்னு நினைக்கிறேன். ஆய்வேட்டுக்கு எடுத்துக்கற பிள்ளைங்க யாருக்கு நன்றி போடணும்னு யோசிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்.

சுவடி | பாபநாசம்

எங்க ஊர்க் கோயில் குடமுழுக்கு மலர் வேலை நடக்குது. உரைநடை சரியா வந்துடுது, பதிகம்தான் படுத்துது. எண்சீர் அடி டெம்மி அகலத்துக்குள்ள அடங்கலை. தானா மடிஞ்சு ஏதோ ஒரு சீர் மட்டும் அடுத்த வரியில தனியா நிக்குது. பாட்டு பாதியில பக்கம் வேற மாறுது.

அரசலாறு

தானா மடிய விடாதீங்க. பழைய பதிப்புகள்ல அடியை நாலு நாலு சீரா ரெண்டாப் பிரிச்சு, பின்பாதியை உள்தள்ளிப் போட்டிருப்பாங்க. அதையேதான் பண்ணணும். வெர்ஸ் தொகுப்பு இதுக்குன்னே இருக்கு. முன்பாதி முடிவுல ரெட்டைப் பின்சாய்கோட்டோட உடுக்குறி சேர்த்தா அந்த இடத்துல வரி மாறும், பக்கம் மாறாது. கடைசி அடியைத் தவிர எல்லா வரி முடிவுலயும் அதையே போடுங்க, பாட்டு முழுசும் ஒரே பக்கத்துல நிக்கும். பாட்டோட முடிவுல ரெட்டைப் பின்சாய்கோட்டுக்குப் பின்னாடி ஆச்சரியக்குறி. பாட்டு எண்ணை வலது ஓரத்துக்குத் தள்ள ஒரு சின்னக் கட்டளை எழுதிப் பதிக டெம்ப்ளேட்டா இணைச்சிருக்கேன்.

சுவடி

அருமை, பாட்டு உடையவே இல்ல. ஆனா ‘ஸ்ரீ’ சில இடத்துல சேர்ந்து வருது, சில இடத்துல ஸ், ரீ-ன்னு பிரிஞ்சு வருது. ஒரே எழுத்துரு, ஒரே பக்கம்.

வெட்டாறு

ரெண்டு பேர் தட்டச்சு பண்ணியிருப்பாங்க. யூனிகோட்ல அதை ரெண்டு விதமா அடிக்க முடியும். ஒண்ணு ‘ஸ’ வச்சு, இன்னொண்ணு ‘ஶ’ வச்சு. இந்த ‘ஶ’ 2005-லதான் யூனிகோட்ல சேர்ந்தது. சில எழுத்துரு ரெண்டையும் சேர்த்துக் காட்டும், சிலது ஒண்ணை மட்டும். எல்லாத்தையும் ஒரே வகையா தேடி மாத்திடுங்க.

ஈயஎழுத்து

தம்பிகளா, இதைக் கேட்டதும் தோணினது. நாங்க புது எழுத்து வாங்கினா முதல்ல ஒரு ப்ரூஃப் தட்டுவோம், பெட்டியில இருக்கிற அத்தனை எழுத்தும் ஒரே தாள்ல. எது உடைஞ்சிருக்கு, எது உயரம் தப்புன்னு அதுலயே தெரிஞ்சுடும். உங்க டெம்ப்ளேட்லயும் அப்படி ஒரு பக்கம் வைக்கலாமே.

அரசலாறு

வச்சுடுவோம் ஐயா. ஒவ்வொரு டெம்ப்ளேட்லயும் கடைசிப் பக்கம் சோதனைப் பக்கம். அதுல உயிர்மெய் வரிசை முழுக்க. கொ, கோ, கௌ தனியா. க்ஷ, ரெண்டு வித ஸ்ரீ. ‘கூ’வுக்கு அடியில ‘கீ’ வர்ற மாதிரி ஒரு பத்தி. தமிழுக்கு நடுவுல ஆங்கிலச் சொல், எண், ரூபாய்க் குறி. எழுத்துருவை மாத்தறவங்க அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாப் போதும். அச்சுக்குக் கொடுக்கறப்ப ஒரு வரியை மறைச்சா பக்கம் போயிடும்.

கமலாலயம்

வரி ஓரம் சேர்க்கும்போது சொல்லுக்குச் சொல் பெரிய இடைவெளி விழுதே, அதுக்கும் வழி இருக்கா? ‘செய்துகொண்டிருந்தபோதிலும்’ மாதிரி நீளச் சொல் வந்தா அதுக்கு முன் வரி பல்லு போன மாதிரி இருக்கு.

ஈயஎழுத்து

நாங்க சொல்லை எங்க வேணும்னாலும் உடைப்போம், கோடு போட மாட்டோம். மெய்யெழுத்து வரி தொடக்கத்துல வரக்கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

அரசலாறு

டெக்ல தமிழுக்குச் சொல் பிரிக்கும் விதிகள் இருக்கு, மொழியை பாலிகுளோசியாவுல தமிழ்னு சொல்லியிருந்தா அது வேலை செய்யும். கோடு வேண்டாம்னா, பிரிக்கும் குறிக்கு அகலமே இல்லாத ஒரு எழுத்தைக் கொடுத்துடலாம், அந்த எழுத்து உங்க எழுத்துருவுல இருக்கணும். கூடவே வரியைக் கூடுதலா நீட்ட விடற எமர்ஜென்சிஸ்ட்ரெட்ச் அளவை 3 எம்-னு (எழுத்தளவை ஒட்டின நீள அலகு) வச்சிருக்கேன். அது இல்லாட்டி நீளச் சொல் ஓரத்தைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். ஆய்வேட்டுக்குன்னா ஒரு பேச்சு: நெறியாளருக்குக் கோடு இல்லாத பிரிப்பு பிடிக்குமான்னு கேட்டுக்கங்க. சிலர் எழுத்துப் பிழைன்னு சுழிச்சுடுவாங்க.

புதுவரவு | நாகை

லேடெக் மாதிரியே பக்கம் அமைக்கற டைப்ஸ்டை யாரும் பார்க்கலையா? 2023-ல திறந்த மூலமா வந்தது. தமிழுக்குத் தனியா ஸ்கிரிப்ட் எதுவும் சொல்ல வேண்டாம், கொம்பு சரியா நிக்குது. அடிக்க அடிக்கப் பக்கம் மாறுது.

வெட்டாறு

பார்த்தேன், நல்லா இருக்கு. டெம்ப்ளேட்டே அங்க ஒரு செயற்கூறு மாதிரி, படிக்கவும் சுலபம். ஆனா கமலாலயம் மாதிரி துறையில லேடெக் கோப்பே கொடுன்னு கேட்கற இடத்துல அது ஆகாது. தனி இழை தொடங்குங்க, நான் வர்றேன்.

ஐயாறு டிடிபி

அண்ணே, உங்க பிடிஎஃப்பை இன்னிக்கி மெஷின்ல போட்டுப் பார்த்தேன். எழுத்துரு எல்லாம் உள்ளேயே பதிஞ்சிருக்கு, அளவு சுத்தம். ஒரே ஒரு குறை. பிழைதிருத்தம் பார்க்கறவர் பிடிஎஃப்லேர்ந்து ஒரு பத்தியை காப்பி எடுத்து வாட்ஸப்ல அனுப்பினார், அதுல கொம்பெல்லாம் இடம் மாறிக் கிடக்குது. ‘கோயில்’னு தேடினாலும் கிடைக்கலை. அச்சுக்குப் பரவால்ல, மின்னூலாப் போடறதா இருந்தா?

வெட்டாறு

பிடிஎஃப்ல எழுத்து கண்ணுக்குத் தெரியற வரிசையில பதிஞ்சிருக்கும், அதான். ஸீடெக்ல ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட்னு ஒரு அமைப்பு உண்டு, பேருக்கு முன்னாடி ஸீடெக்னு சேர்த்து எழுதணும். அதை 1-னு வச்சா நாம அடிச்ச மூல உரையையும் கூடவே பதிச்சு வைக்கும். லுவாலேடெக் பயன்படுத்தறவங்க எழுத்துரு வரியில ரெண்டரர் ஹார்ஃப்பஸ்னு கொடுத்தா அதுவே பார்த்துக்கும்.

அரசலாறு

சேர்த்தாச்சு. தேதி மாத்தின அமைப்புக் கோப்பு இணைப்பில. எடுத்தா என்ன ஆகும்ங்கற குறிப்புல ஐயாறு அண்ணன் சொன்ன ‘கோயில்’ உதாரணத்தையே போட்டிருக்கேன். ஏற்கெனவே எடுத்தவங்க இந்த ஒரு கோப்பை மட்டும் மாத்திக்கங்க.

ஐயாறு டிடிபி

மாத்தி ஓட்டினேன். ‘கோயில்’ தேடினா எல்லா இடமும் காட்டுது. காப்பி எடுத்தாலும் ஒழுங்கா வருது. சுவடி அண்ணே, மலர் கோப்பை இதுலேயே அனுப்புங்க, கிராப் மார்க் (காகிதம் வெட்டற இடத்துக்கான குறி) மட்டும் நான் போட்டுக்கறேன்.